தொட்டிக்குள் மறுகால்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வீட்டின் சின்னச் சின்னச் சத்தங்கள் காதில் விழும். மின்விசிறியின் முனகல், ஃபிரிட்ஜின் உறுமல், அப்புறம் கழிப்பறைப் பக்கமிருந்து வரும் 'ஸ்ஸ்ஸ்' என்ற மெல்லிய சீறல். "எங்கேயோ தண்ணி ஓடுதே" என்று வீட்டுப் பெரியவர் எழுந்து போய் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்ப்பார். எல்லாம் இறுகத்தான் மூடியிருக்கும். சத்தம் மட்டும் நிற்காது. முந்தின நாள் மோட்டார் போட்டு நிரப்பிய மொட்டைமாடித் தொட்டி விடியும்போது பாதியாகக் கிடக்கும்.

பெரும்பாலும் காரணம் ஃப்ளஷ் டேங்குக்குள் இருக்கும் ஒரு சின்னச் சாமான். கடைக்காரர்களும் பிளம்பர்களும் அதைப் பால்காக் என்பார்கள். புது மாடலாக இருந்தால் ஃபில் வால்வ், இன்லெட் வால்வ். தண்ணீரை உள்ளே விட்டு, தொட்டி நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்வது அதன் வேலை. தேய்ந்துபோனால் அது அடைக்காது. வழிகிற தண்ணீர் தரையில் கொட்டினாலாவது யாராவது பார்த்துவிடுவார்கள். இது தொட்டிக்குள்ளேயே வழிந்து, பேசினுக்குள் இறங்கி, செப்டிக் டேங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கண்ணில் படாமலே போவதுதான் இதில் கொடுமை.

கொடுமை என்று சொல்ல இந்த மண்ணே காரணம். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அது பொய்த்தால் கண்மாயும் ஊருணியும் சேர்ந்து பொய்க்கும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள்; வெள்ளக் காலத்துக் காவிரித் தண்ணீர் ஒருநாள் இந்த ஆற்றில் இறங்கும் என்று காத்திருக்கிற ஊர்கள் இவை. அருப்புக்கோட்டைக்கு நல்ல தண்ணீர் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் வெகுதூரம் குழாய்வழி வருகிறது. அதுவும் தினம் வருவதில்லை. இடைப்பட்ட நாட்களுக்குப் போர் தண்ணீர், லாரித் தண்ணீர். குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று தண்ணீரைத் தரம் பிரித்து வைப்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. வழிகிற தண்ணீர் ஒரு நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் நூல் மாதிரிதான் இருக்கும். மணிக்கு 12 லிட்டர். ஒரு நாளைக்கு 288 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் பத்தொன்பது குடம். கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கொடுக்க 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் கணக்குப் போட்டுக் கொடுக்க நினைக்கும் முழு நாள் தண்ணீரைவிட அதிகம், ஒரு வீட்டு டாய்லெட்டில் யாருக்கும் உதவாமல் போகிறது.

இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று அருப்புக்கோட்டைக்காரருக்கோ திருச்சுழிக்காரருக்கோ புரியவைப்பது சுலபம். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் தெரிவது ஒரு குட்டிக் கண்மாய். தண்ணீர் வந்து சேரும் குழாய்தான் வரத்துக்கால். நடுவில், பொத்தானை அழுத்தியதும் மேலே எழும்பித் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிடும் ரப்பர் அடைப்பு, மடை. அதன் பக்கத்திலேயே செங்குத்தாக நிற்கும் திறந்த வாய்க் குழாய், கலுங்கு. கண்மாய் கொள்ளளவைத் தாண்டினால் கரை உடையாமல் காப்பாற்றுவது கலுங்கு. டேங்க் நிரம்பி வழிந்தால் குளியலறை நனையாமல் காப்பாற்றுவது இந்தக் குழாய். பால்காக் என்பது வரத்துக்கால் வாயில் உட்கார்ந்திருக்கும் நீர்க்கட்டி. "நெறஞ்சதும் அடைச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு வந்தால், ராப்பகலாக விழித்திருந்து அடைக்கிற ஆள்.

கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் போனால் 'மறுகால் பாயுது' என்று ஊரே போய் வேடிக்கை பார்க்கும். அது நல்ல வருஷத்தின் அடையாளம். வீட்டுத் தொட்டிக்குள் ராப்பகலாக மறுகால் பாய்ந்தால் நீர்க்கட்டி தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும் இந்த யோசனை மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரத்தில் வாழ்ந்த டெசிபியஸ், தன் தண்ணீர்க் கடிகாரத்தில் நீர்மட்டம் மாறாமல் இருக்க ஒரு மிதவையைப் பயன்படுத்தினார். மட்டம் ஏறினால் மிதவை ஏறி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். தன் நிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மெக்சிகோ நாட்டுப் பாதிரியார் ஹோசே அந்தோனியோ அல்சாத்தே, தண்ணீர்த் தொட்டிக்கான மிதவை வால்வு ஒன்றை 1790-ல் தன் பத்திரிகையில் விவரித்து எழுதினார். இன்றைக்கு மொட்டைமாடிச் சின்டெக்ஸில் தொங்கும் பந்தும் ஃப்ளஷ் டேங்கில் தொங்கும் பந்தும் அதே வம்சம்தான். பித்தளையில் செய்த பால்காக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 1703 என்றும், அதில் மாட்டும் பிளாஸ்டிக் பந்துக்கு ஐ.எஸ். 9762 என்றும் தனித்தனி இலக்கணமே வகுத்திருக்கிறது.

பழைய மாடலில் பந்து ஏற ஏற அதன் கம்பி ஒரு சின்னத் தண்டைத் தள்ளும்; தண்டின் நுனியில் இருக்கும் ரப்பர் வாஷர் துவாரத்தில் போய் அழுந்தி அடைக்கும். புது மாடலில் பந்தும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒரு நெட்டுக்குத்தான தண்டு, அதைச் சுற்றி ஏறி இறங்கும் கிண்ணம் மாதிரி ஒரு மிதவை, தலைப்பகுதிக்குள் காசு அளவு ரப்பர்த் தகடு. அந்தத் தகட்டில் ஊசி முனை அளவு துளை இருக்கும். தண்ணீர் அதன் வழியாகத் தகட்டின் பின்பக்கம் போய்ச் சேர்ந்து, தன் அழுத்தத்தாலேயே தகட்டைத் தள்ளி வழியை மூடவைக்கிறது. மிதவை செய்வதெல்லாம் பின்பக்கத்துத் தண்ணீர் வெளியேறும் சின்ன வாசலைத் திறப்பதும் மூடுவதும்தான். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த ஊசித்துளைதான் இந்த ஊரில் அதன் உயிர்நிலை.

ஏனென்றால் இங்கே தண்ணீர் அப்படி. சுண்ணாம்புச் சத்தும் உப்பும் கரைந்த போர் தண்ணீர். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரம். கரிசல் காட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய பரிசோதனைக்கூடம் வேண்டியதில்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உட்புறம் படியும் வெள்ளைப் பொருக்கே சொல்லும். அதே பொருக்கு வால்வின் தலைக்குள்ளும் படிகிறது. துளை அடைபடுகிறது, ரப்பர் விறைக்கிறது. கூடவே தொட்டியின் அடியில் தங்கும் மணலும் களியும் இழுபட்டு வந்து வாஷரைக் கீறுகின்றன. கழற்றிய பழைய வால்வைப் பிரித்து அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்: நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தின் விளிம்பில் ஓரிடத்தில் மயிரிழை வெட்டு. பத்தொன்பது குடமும் அந்த வெட்டு வழியாகப் போனவை.

சத்தம் கேட்கிறது என்பதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். தொட்டி ஒழுக இரண்டு வழிகள் உண்டு. நீர்க்கட்டி அடைக்காமல் கலுங்கு வழியாகப் போவது ஒன்று. மடையே சரியாக உட்காராமல் அடியில் கசிவது இன்னொன்று. முதலில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலுங்குக் குழாயின் வாய் வரை ஏறி உள்ளே விழுந்துகொண்டிருந்தால் பிரச்சினை பால்காக்கில். அப்படி வழியாமல், யாரும் ஃப்ளஷ் செய்யாத நேரத்தில் தொட்டி தானாக அவ்வப்போது 'உஸ்' என்று நிரம்பிக்கொண்டால் பிரச்சினை மடையில். சந்தேகம் தீர வேண்டுமானால், துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். அதில் நாலைந்து சொட்டைத் தொட்டியில் விட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். மட்டம் கலுங்குக்குக் கீழே நிற்கும்போதும் பேசினில் நீலம் தெரிந்தால் அடியில் கசிகிறது. மடை ரப்பரை மாற்றினால் போதும்.

இந்த மடை ஒழுக்கு இங்கிலாந்தையும் படுத்தியிருக்கிறது. அங்கே நூறு வருடங்களுக்கு மேல் சைஃபன் முறைத் தொட்டிகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. சைஃபனில் தண்ணீர் ஒரு மேட்டைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்பதால் அடியில் கசிய வழியே இல்லை. 2001 ஜனவரியிலிருந்து விதி தளர்ந்து, ரப்பர் அடைப்பு வைத்த 6 லிட்டர் தொட்டிகளும் வந்தன. ஒரு தடவைக்குச் செலவாகும் தண்ணீர் குறைந்தது; அடைப்பு தேய்ந்த வீடுகளில் அந்த மிச்சம் இன்னொரு வழியாகக் கரைந்தது. கசியும் டாய்லெட்டுகள் அங்கே இன்றும் பெரிய பேச்சுதான்.

பால்காக்தான் என்று உறுதியானால் இன்னொரு சோதனை: மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் நின்றால் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது, மட்டத்தைக் குறைத்து வைத்தால் தீரும். பந்து மாடலில் கம்பியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைக்கலாம். புது மாடலில் பக்கத்துத் திருகையோ கிளிப்பையோ நகர்த்தலாம். பந்துக்குள் தண்ணீர் புகுந்து கனத்துக் கிடக்கிறதா என்று குலுக்கியும் பார்த்துக்கொள்ளலாம். தூக்கிப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் வால்வு தேய்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் வேலை நின்றுபோகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் "இந்தச் சின்ன வேலைக்கா?" என்பார், வருகிறேன் என்ற நாளில் வரமாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அரை மணி நேர வேலைக்காக அவருக்கு அரை நாள் போகும். ஒழுகும் தொட்டியின் குழாயை அடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியும் மக்கும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஊற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ.

மும்பை மீரா ரோட்டில் வாழ்ந்த எழுத்தாளரும் கேலிச்சித்திரக்காரருமான ஆபித் சுர்த்தியை உலுக்கியதும் பிளம்பர் வராத இந்த நிலைமைதான். இந்திரஜால் காமிக்ஸின் பகதூர் என்ற நாயகனைப் படைத்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது மும்பையில் தன் தாய் விடியாத இருட்டில் எழுந்து ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர். நண்பர் வீட்டில் ஒழுகும் குழாய் ஒன்றைக் கண்டு கேட்டபோது, ஒரு வாஷருக்காக எந்தப் பிளம்பரும் வருவதில்லை என்று பதில் வந்தது. 2007-ல் தன் எழுபதுகளில், உத்தரப் பிரதேசத்து இந்தி அமைப்பு ஒன்று விருதாகத் தந்த ஒரு லட்சம் ரூபாயை முதலாக வைத்து 'டிராப் டெட்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரையும் ஒரு தன்னார்வலரையும் கூட்டிக்கொண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் கதவு கதவாகத் தட்டினார். ஒழுகும் குழாய் இருந்தால் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார். முதல் வருடத்தில் 1,666 வீடுகளுக்குப் போய் 414 குழாய்களைச் சரி செய்தார்கள். ஏறக்குறைய நாலு வீட்டுக்கு ஒன்று. மாற்றியவை பெரும்பாலும் சில ரூபாய் பெறும் ரப்பர் வளையங்கள்.

சுர்த்தி பிளம்பரோடு போனார். வால்வு மாற்றுகிற வேலையை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். தறியில் இழை அறுந்தால் இருட்டிலும் முடிச்சுப் போடுகிற கைகளுக்கு இது பெரிய வித்தை அல்ல.

முதலில் தொட்டியின் கீழே சுவரை ஒட்டி இருக்கும் ஆங்கிள் காக்கை மூட வேண்டும். வருடக்கணக்காகத் தொடாத காக் இறுகிப்போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் சுவருக்குள்ளேயே முறியும். திரும்ப மறுத்தால் விட்டுவிட்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடுவதே புத்திசாலித்தனம். பிறகு ஒரு தடவை ஃப்ளஷ் செய்து, அடியில் தங்கும் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கீழே வாளியை வைத்துக்கொண்டு கனெக்சன் பைப்பைக் கழற்றலாம். அடுத்தது தொட்டிக்கு வெளியே இருக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டு. அதைத் திருகும்போது ஒரு கை உள்ளே வால்வைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வும் சேர்ந்து சுற்றி, கலுங்குக் குழாயில் போய் முட்டும்.

கழற்றிய பழைய வால்வைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது நல்லது. "அண்ணாச்சி, பால்காக் ஒண்ணு குடுங்க" என்றால், "அடிக் கனெக்சனா, சைடு கனெக்சனா?" என்பதுதான் முதல் கேள்வி. பேசினோடு சேர்ந்த பீங்கான் தொட்டிக்குப் பெரும்பாலும் அடியிலிருந்து. சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் தொட்டிக்குப் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து. விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். பளபளக்கிற அட்டைப்பெட்டியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: குறைந்த அழுத்தத்தில் இது அடைக்குமா? தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார். ஒற்றை மாடி வீட்டில், தலைக்கு மேல் மூன்று மீட்டரில் நிற்கும் தொட்டி தருவது வெறும் 0.3 பார். தண்ணீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும் ரப்பர்த் தகட்டு வால்வுகளில் சில, இந்த அழுத்தத்துக்கு முழுதாக மூடாமல் முதல் நாளிலிருந்தே கசியும். வாங்கும்போதே பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம். சந்தேகம் இருந்தால் பழைய பாணிப் பந்தும் கம்பியும் உள்ளதையே வாங்கலாம். அது அழுத்தத்தை நம்பி வாழ்வதில்லை.

மாட்டுவதற்கு முன் தொட்டித் துவாரத்தைச் சுற்றி ஏறிக் கிடக்கும் சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டித் துடைக்க வேண்டும். பொருக்கின் மேல் வாஷர் உட்காராது. அதோடு, பைப்பை வால்வில் பூட்டுவதற்கு முன் அதன் வாயை வாளியில் விட்டு ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து மூட வேண்டும். குழாயில் தங்கிய மணலும் துருவும் வாளியில் வந்து விழும். இதைச் செய்யாமல் விட்டால் அவ்வளவும் புது வால்வின் ஊசித்துளைக்குள் போகும். ஒரு வாரத்தில் மறுபடி அதே சீறல் கேட்கும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த ஒரு காரியத்தைத்தான்.

வால்வை உள்ளே நிறுத்தும்போது ரப்பர் வாஷர் தொட்டியின் உட்பக்கம் இருக்க வேண்டும், நட்டு வெளிப்பக்கம். உயரத்தை மூடி இடிக்காதபடி பார்த்து வைக்கலாம். நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரில் கால் சுற்றோ அரைச் சுற்றோ போதும். பலம் காட்டினால் பிளாஸ்டிக் மரை வழுக்கும், இல்லாவிட்டால் பீங்கான் விரியும். பீங்கான் விரிந்தால் சில நூறில் முடிய வேண்டியது சில ஆயிரமாகும். டெஃப்ளான் டேப்பை எங்கு பார்த்தாலும் சுற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே தண்ணீரை அடைப்பது ரப்பர் வாஷர்தான், டேப் தேவையில்லை.

ஆங்கிள் காக்கை மெல்லத் திறந்து, தொட்டி நிறையும்போது மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கலுங்கு வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்பது சரியான அளவு. கீழே நட்டைச் சுற்றி உலர்ந்த காகிதத்தைச் சுற்றி வைத்தால் ஈரம் இருக்கிறதா என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சுவருக்குள் புதைத்த தொட்டி உள்ள புது வீட்டுக்காரர்கள் சுவரை உடைக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். ஃப்ளஷ் பொத்தான் இருக்கும் தகட்டைக் கழற்றினால் கை நுழையும் வழி இருக்கும். வால்வு அந்த வழியாகவே வெளியே வரும்.

வால்வைக் கொல்வது சுண்ணாம்பு மட்டுமல்ல. தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரையும், கறை போக ஊற்றும் ஆசிட்டும் ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடும். பேசினுக்கானது பேசினோடு நிற்கட்டும். அதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை அடைத்து, வால்வின் தலையைத் திருகித் திறந்து, ரப்பர்த் தகட்டை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டினால் பொருக்கு கரைந்துபோகும். உள்ளே வலை மாதிரி சின்ன வடிகட்டி இருந்தால் அதையும் தட்டிக் கழுவலாம். வத்தல் போட்ட சுளகைத் தட்டுகிற நேரம்கூட ஆகாது.

வேலை முடிந்த அன்றிரவு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. படுக்கப் போகுமுன் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் "இன்னைக்கு ராத்திரி வாளியிலயே ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட வேண்டும். காலையில் கோடும் தண்ணீரும் ஒன்றாக இருந்தால் மடை உறுதி. அடுத்து காக்கைத் திறந்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால், கோடும் தண்ணீரும் அப்படியே இருக்கும். தெருவில் முதல் தறி ஓட ஆரம்பிக்கும் முன் காதைத் தொட்டிமேல் வைத்துக் கேட்டாலும் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது.